மௌனம் சம்மதமா, அனாமத்தா: 13 ஓட்டு 9-இடம் தோற்ற கதை

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி, ஜூன் 8

அண்ணே, என் மகள் பத்தாம் வகுப்பு. போன வாரம் மதுரையில் ஒரு மாதிரி ஐ.நா. மாநாட்டுக்கு (ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பிள்ளைகள் ஐ.நா. கூட்டம் நடத்திப் பழகுவது) போய் வந்தாள். இவள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 13, எதிர்ப்பு 9, ஐந்து பேர் அப்ஸ்டெய்ன், அதாவது எந்தப் பக்கமும் போடாமல் ஒதுங்கிவிட்டார்கள். சேர்மனாக இருந்த கல்லூரிப் பையன், "அவையில் 27 பேர், பாதிக்கு மேல் என்றால் 14 வேண்டும், தீர்மானம் தோற்றது" என்று சுத்தியலைத் தட்டிவிட்டானாம். 13 எப்படி 9-இடம் தோற்கும் என்று வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். யார் சரி?

ஜூன் 8, மாலை

தங்கச்சி, மகள்தான் சரி. முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஐ.நா. பொதுச்சபை விதிகளில் "வந்திருந்து வாக்களித்தவர்" என்றால் யார் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். முழுச் சபைக்கு 86-ஆம் விதி, குழுக்களுக்கு 126. ஆம் அல்லது இல்லை என்று சொன்னவர் மட்டுமே வாக்களித்தவர். ஒதுங்கியவர் வாக்களிக்காதவர். ஆக 13-ம் 9-ம் 22. பன்னிரண்டு வந்தாலே போதும், உங்கள் மகளுக்கு ஒன்று கூடுதல்.

முப்பத்தொரு வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன் நான். எங்கள் பாஷையில் அந்த ஐந்து ஓட்டும் அனாமத்து. வரவிலும் சேராது, பற்றிலும் சேராது. அதை எடுத்துப் பற்றில் எழுதிவிட்டான் அந்தக் கத்துக்குட்டி சேர்மன். எங்கள் கிளையில் யாராவது அப்படி எழுதியிருந்தால் ஆடிட்டர் வரும் வரைகூடக் காத்திருக்க மாட்டோம்.

இன்னொன்று. இந்த மாநாடுகளில் காலையில் ஆஜர் எடுக்கும்போது "பிரசன்ட்" என்றும் சொல்லலாம், "பிரசன்ட் அண்ட் வோட்டிங்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னவர் அப்புறம் ஒதுங்க முடியாது. நியூயார்க்கில், அதாவது நிஜ ஐ.நா.வில், இப்படி ஓர் ஆஜர் கிடையாது. மாடரேட்டட் காகஸ் (ஒரு தலைப்பில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசும் சுற்று), நட்புத் திருத்தம் (தீர்மானம் கொண்டுவந்தவரே ஒப்புக்கொண்டால் ஓட்டில்லாமல் சேரும் மாற்றம்) இதெல்லாமும் மாதிரி மாநாடுகளின் சொந்தச் சரக்கு. காரைக்குடிப் பிள்ளைகளை மூன்று வருடம் இதற்குத் தயார் செய்ததால் தெரியும்.

ஜூன் 8, இரவு

ஒரு தம்பி கேட்கிறார்: "ஐந்து ஓட்டை எங்கே எழுதினால் என்ன, இதற்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா?"

1947 நவம்பர் 29. பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானம் பொதுச்சபையில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13 (இந்தியா இதில்தான்), ஒதுங்கியவர்கள் 10. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பத்துப் பேரை அனாமத்தில் வைத்தால் மொத்தம் 46, 31 போதும், நிறைவேறியது. அந்தப் பத்தையும் மொத்தத்தில் சேர்த்திருந்தால் 56. அதற்கு 38 வேண்டும், 33 தோற்றிருக்கும். தீர்மானம் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எங்கே எழுதினால் என்ன என்று கேட்டதற்காகச் சொன்னேன்.

ஜூன் 9, காலை

நேற்றுக் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அனாமத்து என்று நான் சொன்னது பொதுச்சபைக்குத்தான். பாதுகாப்பு அவையில் கதை வேறு.

அங்கே 15 பேர். வேண்டியது 9 ஆதரவு ஓட்டு. வந்தவர் எத்தனை, ஓட்டுப் போட்டவர் எத்தனை என்ற கேள்வியே இல்லை. (1965 வரை 11 பேர், வேண்டியது 7.) 2011-இல் லிபியா பற்றிய 1973-ஆம் எண் தீர்மானத்துக்கு ஆதரவு 10, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, இந்தியா உட்பட ஐந்து பேர் ஒதுங்கினார்கள். ஆதரித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் ஒதுங்கியிருந்தால் 8. ஒருவர்கூட எதிர்க்காமலே தோற்றிருக்கும். அங்கே ஒதுங்குவது பாதி எதிர்ப்பு.

ஆனால் அதே ஒதுங்கல் வல்லரசு ஐந்துக்கு உதவியாக இருக்கிறது. நிரந்தர உறுப்பினரின் "இணக்க ஓட்டு" வேண்டும் என்றுதான் ஐ.நா. சாசனத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் ஒதுங்குவது இணக்கமே இல்லை. நடைமுறையிலோ, அது வீட்டோ (அந்த ஐவரில் ஒருவரே எதிர்த்துத் தீர்மானத்தைத் தடுப்பது) ஆகாது என்றே ஆரம்பத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1971-இல் சர்வதேச நீதிமன்றமும் நமீபியா விவகாரத்தில் அதைச் சரி என்றது. ஒரே அறை, ஒரே செயல். யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டு கணக்கு.

ஜூன் 9, மதியம்

குடவோலையை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஐ.நா. என்று வாயெடுத்தால் ஒருவர் 'யாதும் ஊரே' பாடிய மகிபாலன்பட்டிக் கணியனாரைக் கூப்பிடுவார், அடுத்தவர் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறுவார்.

ஐயா, பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் இருப்பது ஓட்டெடுப்பு இல்லை, குலுக்கல். தகுதி உள்ளவர் பெயர்களைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நியூயார்க்கிலும் குலுக்கல் உண்டு, அது வேறு வேலைக்கு. பெயர் கூப்பிட்டு ஓட்டெடுக்கும்போது எந்த நாட்டில் தொடங்குவது என்பதற்குச் சீட்டு எடுப்பார்கள், அங்கிருந்து ஆங்கில அகரவரிசை. ஒவ்வொரு வருடமும் யார் முதல் நாற்காலியில் உட்காருவது என்பதும் குலுக்கல்தான். நம் பக்கத்துத் தேர்த் திருவிழாக்களில் முதல் மரியாதைக்கு இந்த ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை வழக்கு மிச்சம்.

ஜூன் 10

தொண்டியிலிருந்து மீனவர் சங்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். "ஒதுங்குவது பாதி எதிர்ப்பு என்கிறீர்கள். எதிர்ப்பைவிடப் பலமான ஒதுங்கலை நாங்கள் பார்த்திருக்கிறோம், 2005-ஐப் பாருங்கள்." பார்த்தேன். ராத்திரி பன்னிரண்டரை மணி வரை தூக்கம் வரவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., மற்றவை மாதிரி இல்லை. நாட்டுக்கு நாலு பிரதிநிதிகள்: அரசு இரண்டு, முதலாளி ஒன்று, தொழிலாளி ஒன்று. நாலு பேரும் தனித்தனியாக ஓட்டுப் போடுவார்கள், ஒருவரை ஒருவர் வெட்டியும் போடலாம். புது உடன்படிக்கை என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனை: விழுந்த ஓட்டுகள், ஆமும் இல்லையும் சேர்த்து, மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளில் பாதியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டெடுப்பே செல்லாது.

2005 ஜூன், ஜெனீவா. மீன்பிடித் தொழிலாளர் உடன்படிக்கை. படகில் ஓய்வு நேரம், சாப்பாடு, மருத்துவம், வேலை ஒப்பந்தம் என்று கடலில் உழைப்பவனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆதரவு 288. எதிர்ப்பு 8. ஒதுங்கியவர்கள் 139. கோரம், அதாவது குறைந்தது விழ வேண்டிய ஓட்டு, 297.

288-ஐயும் 8-ஐயும் கூட்டுங்கள். 296.

ஒரு ஓட்டுக் குறைவு. உடன்படிக்கை விழுந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஒதுங்கிய 139 பேரில் ஒரே ஒருவர் "எதிர்க்கிறேன்" என்று ஓட்டுப் போட்டிருந்தால் கோரம் நிரம்பியிருக்கும், 288-க்கு 9 என்று உடன்படிக்கை ஜெயித்திருக்கும். எதிர்த்தால் ஜெயிக்கும், சும்மா இருந்தால் தோற்கும். நான் முப்பத்தொரு வருடம் பார்த்த எந்தப் பேரேட்டிலும் இப்படி ஒரு பதிவு இல்லை. அனாமத்தில் கிடந்த தொகை எழுந்து வந்து ஐந்தொகையைக் கவிழ்த்த மாதிரி.

இரண்டு வருடம் கழித்து 2007-இல் அதே விஷயம் 437-க்கு 2 என்று நிறைவேறியது. 188-ஆம் எண் உடன்படிக்கை என்பது அதுதான். பெரியவரே, அனாமத்து என்று நான் சொன்னதை இப்போதைக்கு வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 11

கோட்டையூர்த் தங்கச்சியின் அடுத்த கேள்வி: அவள் அந்த நிமிஷமே எழுந்து கேட்டிருக்கலாமா?

கேட்டிருக்கலாம். அதற்குத்தான் ஒழுங்குப் பிரச்சினை (பாயின்ட் ஆஃப் ஆர்டர்), விதி தவறினால் உடனே எழுந்து கேட்பது. பொதுச்சபை விதிப்படி ஓட்டெடுப்பு தொடங்கிவிட்டால் யாரும் குறுக்கிடக் கூடாது, ஓட்டெடுக்கும் முறை பற்றிய ஒழுங்குப் பிரச்சினைக்கு மட்டும் விலக்கு. சேர்மன் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் முறையீடு செய்யலாம், அது விவாதம் இல்லாமல் அப்போதே ஓட்டுக்கு விடப்படும். வந்திருந்து வாக்களித்தவரில் பெரும்பான்மை கவிழ்த்தால் ஒழிய சேர்மன் தீர்ப்பு நிற்கும்.

ஆனால் ஒன்று, எழுந்து நின்று விஷயத்துக்குள் போகக் கூடாது. இதை நான் ஒரு வருடம் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "யாராவது பொய் சொன்னால் ஒழுங்குப் பிரச்சினை என்று கையைத் தூக்கு" என்றேன். எங்கள் பையன் ஒருவன் ஒரே மணி நேரத்தில் ஆறு தடவை தூக்கினான். ஆறாவது தடவை சேர்மன் அவன் பிளக்கார்டை வாங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது திருப்பத்தூர் தாண்டும் வரை அவன் என்னோடு பேசவில்லை. எதிராளி சொன்ன தகவல் தப்பு என்றால் அதற்குப் பதிலுரை உரிமை என்று வேறு வழி இருக்கிறது.

ஜூன் 12

கொஞ்சம் வீட்டு விஷயம். தலைப்புக்குள் வருமா வராதா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பெரிய வீட்டுக்கு ஒன்பது புள்ளி. (வெளியூர்க்காரர்களுக்கு: கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, கோவில் வரியிலிருந்து வீட்டுச் செலவு வரை அந்தக் கணக்கில்தான்.) இரண்டு பேர் ஊரில், இரண்டு சென்னை, ஒன்று கோயம்புத்தூர், இரண்டு சிங்கப்பூர், ஒன்று நியூ ஜெர்சி, ஒன்று பினாங்கு. இது சர்வதேசப் பிரதிநிதிகள் குழு இல்லை என்று யாராவது சொல்லட்டும்.

இரண்டாம் கட்டில் நாட்டு ஓடு சரிந்து வளவுக்குள் தண்ணீர் இறங்குகிறது. போன ஐப்பசியில் பட்டாலையில் நாலு பாத்திரம் வைத்தோம். நாட்டு ஓடே மாற்றலாமா, மேலே ஷீட் போட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி. செலவு வித்தியாசம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பொதுச்சபை கூட முடியாதபோது மௌன நடைமுறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தலைவர் வரைவை எல்லோருக்கும் அனுப்புவார், 72 மணி நேரம். யாரும் மறுக்காவிட்டால் நிறைவேறியதாகப் பொருள், ஒருவர் மறுத்தாலும் நிறைவேறாது. நான் என்ன செய்தேன்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "நாட்டு ஓடே போடலாம் என்பது முடிவு. 72 மணி நேரத்தில் மறுப்பு இல்லை என்றால் சம்மதம்." மௌனம் சம்மதம் என்று நம் ஆட்கள் சொல்லாததா?

இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. என் அப்பச்சி (அப்பா) காலத்தில் பங்காளிகள் கூட்டத்தில் ஒரு பர்மாத் தேக்கு பீரோவை விற்பது என்று பேச்சு. "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்று அப்பச்சி கேட்டார். சத்தம் இல்லை. "ஏகமனதாக" என்று எழுதிப் பீரோ பழம்பொருள் கடைக்குப் போயிற்று. மறுநாள் காலை பெரியப்பச்சி வாசலில் நிற்கிறார். "நான் எப்போ சம்மதம் சொன்னேன்? வாய் நிறைய வெற்றிலை இருந்தது, துப்பிவிட்டு வருவதற்குள் எழுதிட்டே." ஆறு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடவில்லை.

அது நினைவிருந்தும் இப்படிச் செய்தேன் என்றால் என்னை என்ன சொல்வது.

ஜூன் 13, காலை

நிலவரம்: என்னை விட்டு ஏழு பேருக்கு நீல டிக். பினாங்கு அண்ணனுக்கு ஒற்றை டிக். அவர் செய்தியைப் பார்க்கவே இல்லை.

உலக வணிக அமைப்பில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கே ஒருமித்த முடிவு என்றால், கூட்டத்துக்கு வந்திருந்த உறுப்பினர் யாரும் முறைப்படி மறுக்கவில்லை என்று அர்த்தம். வந்திருந்து பேசாதவர் சம்மதித்தவர். வராதவர் கணக்கிலேயே இல்லை. அப்படிப் பார்த்தால் நீல டிக்தான் ஆஜர்ப் பட்டியல், பினாங்கை விட்டுவிட்டுப் போகலாம்.

வீட்டில் இதைச் சொன்னேன். "அவர் பங்குப் பணத்தையும் விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள். நான் மேற்கொண்டு பேசவில்லை.

ஜூன் 13, இரவு

நியூ ஜெர்சித் தம்பி குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். பதினேழு நிமிஷம். இந்தியாவின் பிரதிநிதி கிருஷ்ண மேனன் 1957-இல் பாதுகாப்பு அவையில் காஷ்மீர் பற்றி இரண்டு நாளாக எட்டு மணி நேரத்துக்குச் சற்றே குறையப் பேசினார், அந்த வகையில் இது பரவாயில்லை. சாரம்: ஓடா ஷீட்டா என்பதற்கு முன்னால், இது பெரும்பான்மையில் முடிவாகிற விஷயமா, எல்லோரும் ஒப்ப வேண்டிய விஷயமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பயல் சரியான இடத்தில் கை வைத்தான். 1971 அக்டோபர் 25-இல் ஐ.நா.வில் சீனாவின் இடம் பீகிங் (பெய்ஜிங்) அரசுக்கா, தைவான் அரசுக்கா என்ற விவகாரத்தில் பொதுச்சபையில் முதலில் நடந்தது இதுதான். இதை "முக்கியப் பிரச்சினை" என்று அறிவிக்கலாமா, அதாவது மூன்றில் இரண்டு பங்கு கேட்கலாமா என்று ஓட்டு. ஆதரவு 55, எதிர்ப்பு 59, ஒதுங்கியவர்கள் 15. தோற்றது. அந்த நாலு ஓட்டில்தான் எல்லாம் முடிந்தது.

ஜூன் 14, காலை

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். கூட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன், வங்கிக்காரன் செய்யக்கூடாத வேலை. அடுத்து வந்த முக்கிய ஓட்டில் பீகிங் பக்கம் 76, எதிர்ப்பு 35, ஒதுங்கியவர்கள் 17. 76-ம் 35-ம் 111, அதில் மூன்றில் இரண்டு 74. ஆக அந்தக் கடுமையான கணக்கிலும் ஜெயித்திருக்கும். முதல் ஓட்டில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தபிறகு சிலர் மாறியிருக்கலாம், அது வேறு பேச்சு.

ஜூன் 14, மாலை

இது மன்னிப்புக் குறிப்பு.

தங்கச்சி மகளுக்கு மாநாட்டில் கொடுத்த விதிப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பதினோராம் பக்கம், நாலாவது பத்தி: தீர்மானம் நிறைவேற "அவையில் ஆஜரானவர்களில் பாதிக்கு மேல்" ஆதரவு வேண்டும். ஆஜரானவர்களில். வாக்களித்தவர்களில் இல்லை.

ஆக 27-இல் 14. பையன் சரி. கத்துக்குட்டி என்று எழுதியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவன் இதைப் படிக்கிறானோ இல்லையோ. நியூயார்க் விதியை மதுரைக்கு ஓட்டிப் பார்த்தவன் நான்தான். பக்கத்து வங்கியின் வட்டி விகிதத்தை வைத்து நம் வாடிக்கையாளர் கணக்கைப் போட்ட மாதிரி. அந்த விதி நல்ல விதியா என்றால், என் கருத்தில் இல்லை. ஒதுங்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு அதை எதிர்ப்பாக எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அச்சடித்துக் கையில் கொடுத்த விதி அது.

மகளிடம் சொன்னேன்: அடுத்த தடவை மேடை ஏறுமுன் நாட்டின் கொள்கைக் குறிப்பைப் படிப்பதற்கு முன்னால் இந்த ஒரு பத்தியைத் தேடு. ஒதுங்கியவரை இங்கே எங்கே எழுதுகிறார்கள்? அது தெரிந்தால்தான் அந்த ஐந்து பேரிடம் என்ன பேசுவது என்று தெரியும். "எதிர்க்காமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள், போதும்" என்று அவர்களில் மூன்று பேரிடம் காபி இடைவேளையில் கேட்டுக்கொண்டவளே இவள்தானாம். பொதுச்சபையில் அருமையான உத்தி. இங்கே மூன்று பேரைத் தானே எதிர்க்கட்சிக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். சொன்னதும் சிரித்துவிட்டாள். சாப்பிடுகிறாளாம்.

ஜூன் 15

செட்டிநாட்டுக்கு யுனெஸ்கோ பட்டம் எப்போது, அதற்கும் இப்படி ஓட்டா என்று கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி கேட்கிறார்.

2014-இலிருந்து தற்காலிகப் பட்டியலில் இருக்கிறோம், ஆச்சி. அது வரிசையில் துண்டு போட்டு வைத்த மாதிரி. ஒரு நாடு வருடத்துக்கு ஒரு முன்மொழிவுதான் கொண்டுபோக முடியும், நமக்கு முன்னால் துண்டு போட்ட ஊர்கள் ஏராளம். போனபிறகு 21 நாடுகள் கொண்ட உலக மரபுரிமைக் குழு முடிவு செய்யும். சேர், கூடுதல் தகவல் கேள், திருப்பி எழுதச் சொல், சேர்க்காதே என்று நாலு வழி. பெரும்பாலும் வரைவைத் திருத்தித் திருத்தியே முடித்துவிடுவார்கள், ஓட்டு வரை போவது அபூர்வம்.

போனால் மூன்றில் இரண்டு. 2021-இல் லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கியது ரகசிய ஓட்டில்: நீக்க 13, வேண்டாம் 5, செல்லாதவை 2. செல்லாததை விட்டால் 18, வேண்டியது 12, நீங்கியது. இருபதாக எண்ணியிருந்தால் 14 வேண்டும், லிவர்பூல் தப்பியிருக்கும்.

இரண்டு செல்லாத சீட்டு! இதைப் பார்த்தபிறகு எங்கள் வளவு ஓட்டைப் பற்றி எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

ஜூன் 17

72 மணி நேரம் முந்தாநாளே முடிந்தது. யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் ஓடு வாங்க முன்பணம் கொடுக்கவில்லை. பெரியப்பச்சியின் வெற்றிலை கண்முன் வந்து நின்றது.

கெடுவை நீட்டி, வாசகத்தையும் மாற்றிப் போட்டேன்: "சம்மதம் என்றால் சம்மதம் என்று எழுதவும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதவும். பதில் வராத பங்குக்கு நானே போன் செய்வேன்." ஒரே நாளில் ஏழு பேர் எழுதிவிட்டார்கள். ஆறு ஓடு, ஒன்று ஷீட் (கோயம்புத்தூர், எதிர்பார்த்ததுதான்). என்னையும் சேர்த்தால் எட்டு.

பினாங்கு அண்ணன் இன்று விடிகாலை செய்தியைப் பார்த்துவிட்டார். பதிலும் வந்தது. ஒரு கட்டைவிரல் படம்.

ஓட்டுக்குச் சம்மதமா, ஷீட்டுக்கா, "பார்த்துவிட்டேன்" என்பதா? மத்தியானம் போன் செய்தேன், எடுக்கவில்லை. ராத்திரி மறுபடி கூப்பிட வேண்டும்.